கிலோமீட்டர் ஒன்றுதான், மணிக்கணக்கு மட்டும் ஏன் மாறுகிறது?

போன இதழில் நீண்ட தூர விமானங்களைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்ததும், இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிடலாம் என்று முடிவெடுத்தேன். தூக்கமின்மை, பூனை வளர்ப்பு என்று வேறு கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: சார், என் மகன் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு ஒரே விமானத்தில் போகப் போகிறான். எவ்வளவு தூரம் என்று பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு இடத்தில் 15,349 என்று இருக்கிறது, இன்னொரு இடத்தில் 9,537, மூன்றாவது இடத்தில் 8,288. ஒரு பழைய செய்தியில் 16,700 என்று போட்டிருக்கிறார்கள். இதில் எதை நம்புவது? (மகனை வழியனுப்பப் போகும் ஒரு அம்மா)

ப: நான்கையும் நம்பலாம் அம்மா. 15,349 என்பது கிலோமீட்டர். அதையே மைலாக மாற்றினால் 9,537, கடல் மைலாக மாற்றினால் 8,288. கப்பல்காரர்களும் விமானக்காரர்களும் கடல் மைலில்தான் கணக்குப் போடுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., நாம் சாதாரணமாகச் சொல்லும் மைல் 1.609 கி.மீ. இரண்டுக்கும் பெயர் மைல்தான் என்பதால் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது என்று பார்க்காமல் தூரத்தை யாரிடமும் சொல்லாதீர்கள்.

இப்போது அந்த 16,700. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபரில் நியூயார்க்கை ஒட்டியுள்ள நெவார்க் விமான நிலையத்துக்கு நேரடி சேவை தொடங்கியபோது அறிவித்த தூரம் இது, கிலோமீட்டரில். அதற்கும் 15,349-க்கும் நடுவே 1,300 கி.மீ.க்கு மேல் வித்தியாசம் வருகிறதே, எங்கிருந்து? பூமி உருண்டையின் மேல் இரண்டு ஊர்களுக்கு நடுவே இருக்கும் மிகக் குறுகிய பாதையின் நீளம்தான் முதல் எண். விமானம் உண்மையில் பறக்கும் வழியின் நீளம் 16,700. இந்த இரண்டு ஊர்களுக்கும் ஒரு வேடிக்கை உண்டு. சிங்கப்பூரின் தீர்க்கரேகை கிழக்கே சுமார் 104 டிகிரி, நியூயார்க்கினுடையது மேற்கே சுமார் 74 டிகிரி. இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட 178. அதாவது பூமியின் ஒரு பக்கத்தில் ஒன்று, அநேகமாக நேர் எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று. ஆகவே மிகக் குறுகிய வழி ஏறக்குறைய வட துருவத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது! ஆனால் விமானம் எல்லா நாளும் அப்படிப் போவதில்லை. போகும்போது பசிபிக் கடல் மேலாகக் கிழக்கே போய், வரும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக அப்போதும் கிழக்கேயே வந்து, மொத்தத்தில் பூமியை ஒரு சுற்று சுற்றிவிடுகிற நாட்களும் உண்டு. காரணம் காற்று, அதற்குக் கீழே வருகிறேன். உங்கள் மகனுக்குப் பதினெட்டு மணி நேரத்தை ஒட்டியோ, கொஞ்சம் கூடவோ ஆகும். எழுந்து எழுந்து நடக்கச் சொல்லுங்கள்.

கே: நான் பள்ளியில் புவியியல் சொல்லித்தருகிறேன். விமானத்தில் முன் சீட்டின் முதுகில் இருக்கும் திரையில் வழியைக் காட்டும்போது, அது எப்போதும் வில் மாதிரி வளைந்தே இருக்கிறது. நேர்க்கோடுதானே குறைந்த தூரம் என்று மாணவர்கள் மடக்குகிறார்கள். என்ன சொல்லிப் புரியவைப்பது? (ஆசிரியை ஒருவர்)

ப: சொல்லாதீர்கள் டீச்சர், செய்து காட்டுங்கள். ஒரு உலக உருண்டையும் ஒரு நூலும் போதும். சியோலையும் சான் பிரான்சிஸ்கோவையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், வடக்கே 37½ டிகிரியில் இருக்கின்றன. தட்டை வரைபடத்தில் ஒன்றிலிருந்து நேர் கிழக்கே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் இன்னொன்றுக்குப் போய்விடலாம். அந்தக் கோட்டின்படி போனால் சுமார் 9,800 கி.மீ. இப்போது உருண்டையில் நூலின் இரண்டு முனைகளையும் அந்த ஊர்களில் வைத்து இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நூல் தானாக வடக்கே ஏறும், அலாஸ்காவிலிருந்து வால் மாதிரி நீளும் அலூஷியன் தீவுகளின் பக்கமாகப் போய் இறங்கும். அந்த வழியில் சுமார் 9,100 கி.மீ.தான். எழுநூறு கிலோமீட்டர் மிச்சம். ஒரு பையனின் கையிலேயே நூல் நகர்ந்து காட்டிவிட்டால் அப்புறம் மடக்க மாட்டான்.

இந்த வழிக்குப் பெருவட்டம் என்று பெயர். உருண்டையைச் சரிபாதியாக வெட்டினால் வெட்டு விளிம்பில் கிடைக்கும் வட்டத்தின் ஒரு துண்டு அது. தட்டை வரைபடத்தில் துருவத்தை நெருங்க நெருங்க எல்லாமே இழுபட்டுப் பெரிதாகத் தெரியும். ஆப்பிரிக்காவில் பதினான்கில் ஒரு பங்குகூடத் தேறாத கிரீன்லாந்து அந்தப் படத்தில் ஆப்பிரிக்கா அளவுக்கு உட்கார்ந்திருக்கும். அந்த இழுப்பில்தான் நேரான வழி வில்லாக வளைந்து தெரிகிறது. இது ஜெட் விமானக் காலத்துச் சமாச்சாரமும் இல்லை. 1927 மே மாதம் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தன்னந்தனியாக 33½ மணி நேரம் பறந்தாரே, அவரும் பெருவட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குறித்துக்கொண்டு, துண்டுக்கு ஒரு தரம் திசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டுதான் போனார்.

கே: லண்டனிலிருந்து நியூயார்க் போக எட்டு மணி நேரம், திரும்பி வர ஏழுக்கும் குறைவு. அதே விமானம், அதே இரண்டு ஊர். போகும்போது பைலட் தூங்கிவிடுகிறாரா? (கிண்டல் பிடித்த வாசகர்)

ப: பைலட் முழித்துக்கொண்டுதான் இருக்கிறார், காற்றுதான் எதிரே நிற்கிறது. இந்தக் கேள்வியை வேறு வேறு ஊர்ப் பெயர்களைப் போட்டு ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தார்கள், எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

தரையிலிருந்து சுமார் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், அதாவது பயணிகள் விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஆறு மாதிரி ஓடும் காற்று இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். மணிக்கு 150, 200 கி.மீ. வேகம் அதற்குச் சாதாரணம், சில குளிர்கால நாட்களில் 300-ஐயும் தாண்டும். வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடையே சூடு எவ்வளவு வித்தியாசப்படுகிறதோ அவ்வளவு பலம் அதற்கு. அதனால்தான் குளிர்காலத்தில் வேகம் பிடிக்கிறது. விமானம் காற்றுக்குள் மணிக்கு 900 கி.மீ. போகிறது என்று வையுங்கள். பின்னாலிருந்து 150 தள்ளினால் தரையைப் பொறுத்து 1,050. எதிரே 150 அடித்தால் 750. ஆற்றோட்டத்தோடு படகு விடுவதற்கும் எதிர்த்து விடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான், வேறு மர்மம் எதுவும் கிடையாது.

2020 பிப்ரவரியில் அட்லாண்டிக்கில் சியாரா புயல் அடித்த சமயம், ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து இறங்கியது. வழக்கமாக ஆறரை, ஏழு மணி நேரம் ஆகும் வழி. தரையைப் பொறுத்து அதன் வேகம் ஒரு கட்டத்தில் 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ‘அப்படியானால் ஒலியை முந்திவிட்டதா’ என்று அப்போது பலர் எழுதினார்கள். இல்லை. ஒலி எந்தக் காற்றில் போகிறதோ அந்தக் காற்றைப் பொறுத்துத்தான் அதன் வேகம், அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தது, அதற்குள் விமானம் வழக்கமான வேகத்தில்தான் போனது.

சரி, ‘போகும்போது இழப்பது வரும்போது கிடைத்துவிடுகிறது, கணக்கு நேராகிவிட்டது’ என்று ஒருவர் திருப்திப்பட்டு எழுதியிருக்கிறார். அங்கேதான் ஒரு சின்ன வஞ்சனை. 9,000 கி.மீ. தூரம், 900 கி.மீ. வேகம், காற்றே இல்லை. போக 10, வர 10, மொத்தம் 20 மணி நேரம். இப்போது 100 கி.மீ. காற்று. அதோடு போனால் 1,000 வேகத்தில் 9 மணி நேரம். எதிர்த்து வந்தால் 800 வேகத்தில் 11¼ மணி நேரம். கூட்டிப் பாருங்கள், 20¼. எதிர்காற்றில் மெதுவாகப் போவதால் அதற்குள்ளேயே அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம். போய்வருவதைச் சேர்த்துப் பார்த்தால் மாறாத காற்று எப்போதும் நஷ்டக் கணக்குத்தான்.

அதனால் போகும் வழியையும் வரும் வழியையும் ஒன்றாக வைப்பதில்லை. வட அட்லாண்டிக்கில் ஒவ்வொரு நாளும் அன்றைய காற்றைப் பார்த்துப் புதிதாகப் பாதைகள் போடுகிறார்கள். பகலில் மேற்கே போகிறவர்களுக்குக் காற்றை விட்டு விலகிய பாதைகள், இரவில் கிழக்கே வருகிறவர்களுக்குக் காற்றின் முதுகில் ஏறிக்கொள்ளும் பாதைகள். அதாவது நேற்று நீங்கள் பறந்த வழி இன்று இருக்காது. பெருவட்டத்தை விட நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் சுற்றிப் போகும் விமானம் முன்னதாகப் போய்ச் சேருவது இப்படித்தான். முதல் கேள்வியில் சிங்கப்பூர் விமானம் போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே என்றேனே, அதற்கும் விடை இதிலேயே இருக்கிறது.

தெற்கிலும் இதே கதைதான். சிட்னியிலிருந்து சிலியின் சான்டியாகோவுக்கு, கிட்டத்தட்ட 11,300 கி.மீ., போகிற நேரத்தை விடத் திரும்ப ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாகப் பிடிக்கும். வடக்கு தெற்காகப் போகும் வழிகளில் இந்தத் தொல்லை குறைவு. லண்டனுக்கும் ஜோகன்னஸ்பர்குக்கும் நடுவே 9,000 கி.மீ.க்குச் சற்று மேல், எந்தப் பக்கம் போனாலும் சுமார் 11 மணி நேரம். அதோடு இரண்டு ஊர் கடிகாரத்துக்கும் ஒரு மணியோ இரண்டு மணியோதான் வித்தியாசம் என்பதால், இறங்கியதும் ஜெட் லேக் என்று சுருண்டு படுக்க வேண்டியதில்லை.

கே: பூமி மணிக்கு 1,600 கி.மீ.க்கு மேல் கிழக்கே சுற்றுகிறது என்று படித்திருக்கிறேன். ஹெலிகாப்டரில் மேலே போய் சும்மா நின்றால், கீழே ஊர்கள் தானாக நகர்ந்து வராதா? எதற்குப் பெட்ரோலை வீணாக்க வேண்டும்? (பத்தாம் வகுப்பு மாணவன்)

ப: தம்பி, நானும் உன் வயதில் இதைக் கேட்டு வகுப்பில் சிரிப்பு வாங்கியவன்தான். நிலநடுக்கோட்டில் பூமியின் வேகம் மணிக்கு சுமார் 1,670 கி.மீ. அங்கே காற்று மட்டும் சுற்றாமல் நின்றிருந்தால், தரையில் நிற்கிறவர்கள் முகத்தில் இரவும் பகலும் 1,670 கி.மீ. வேகத்தில் காற்று அறையும். ஒரு மரம், ஒரு சுவர் நிற்காது. காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது, உன் ஹெலிகாப்டரும் அந்தக் காற்றோடு சுற்றுகிறது. ஓடும் ரயிலுக்குள் குதித்தால் குதித்த இடத்திலேயே இறங்குகிறாயே, அது மாதிரி. ஆனாலும் கேள்வியில் ஒரு அரைக்கால் உண்மை ஒளிந்திருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதற்குப் பூமியின் சுழற்சியும் ஒரு காரணம். துருவத்தை நோக்கி நகரும் காற்றை அந்தச் சுழற்சி கிழக்குப் பக்கம் திருப்பிவிடுகிறது. அப்புறம் ஒன்று, விமானத்துக்கு ஊற்றுவது பெட்ரோல் இல்லை, மண்ணெண்ணெய் வகை எரிபொருள்.

கே: டிக்கெட்டில் 11 மணி நேரம் என்று இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் பைலட் “பறக்கும் நேரம் 10 மணி 15 நிமிடம்” என்றார். நடுவில் முக்கால் மணி நேரம் எங்கே போனது?

ப: ஓடுபாதையில் போனது. டிக்கெட்டில் இருப்பது கேட்டிலிருந்து விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து அந்த ஊர்க் கேட்டில் போய் நிற்பது வரை. பைலட் சொல்வது சக்கரம் தரையை விட்டு எழும்பிய நொடியிலிருந்து. பெரிய விமான நிலையங்களில் டேக் ஆஃபுக்கு முன்னால் வரிசையில் இருபது நிமிடம் ஊர்வது சகஜம். இது போக, விமான நிறுவனங்கள் கொஞ்சம் நேரத்தைத் திணித்தும் வைக்கின்றன. குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் ‘சரியான நேரம்’ என்றே கணக்கில் எழுதிக்கொள்வார்கள். நேரத்தைத் தாராளமாகப் போட்டுவிட்டு ‘இருபது நிமிடம் முன்னதாக வந்துவிட்டோம்’ என்று மைக்கில் பெருமையாகச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும்.

கே: டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பி அதே நாள் காலை 11 மணிக்கு லாஸ் ஏஞ்சலிஸில் இறங்குவதாக டிக்கெட் காட்டுகிறது. அச்சுப் பிழையா?

ப: பிழையே இல்லை, தைரியமாக ஏறுங்கள். பசிபிக் நடுவே சர்வதேச தேதிக் கோட்டைக் கிழக்குப் பக்கமாகத் தாண்டினால் ஒரு நாள் பின்னால் போகும். டோக்கியோ உலகப் பொது நேரத்துக்கு 9 மணி நேரம் முன்னால், கோடையில் லாஸ் ஏஞ்சலிஸ் 7 மணி நேரம் பின்னால். மொத்தம் 16. டோக்கியோவில் மாலை 5 என்றால் லாஸ் ஏஞ்சலிஸில் அதே தேதி அதிகாலை 1 மணி. பத்து மணி நேரம் பறந்தால் காலை 11. கிளம்புவதற்கு ஆறு மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரி இருக்கும். ஜனவரி 1 விடிகாலையில் கிளம்பி டிசம்பர் 31 அன்று இறங்கி, புத்தாண்டை இரண்டு தரம் கொண்டாடுகிறவர்கள் இந்த வழியாகப் போகிறவர்கள்தான்.

எதிர்த்திசையில் போனால் இந்த லாபத்தை அப்படியே பிடுங்கிக்கொள்வார்கள். என் அனுபவத்தைக் கேளுங்கள். ஒரு ஜூலை மாதம் 14-ஆம் தேதி இரவு 10 மணிக்கு லாஸ் ஏஞ்சலிஸில் சிட்னி விமானம் ஏறினேன். பதினைந்து மணி நேரப் பயணம்தானே, மறுநாள் போய்விடுவோம் என்று 15-ஆம் தேதிக்கு ஒரு விடுதியில் அறை போட்டிருந்தேன். இறங்கியது 16-ஆம் தேதி காலை 6 மணிக்கு. 15-ஆம் தேதி என்று ஒன்று என் வாழ்க்கையில் அந்த வருடம் வரவே இல்லை. விடுதியில் ‘நீங்கள் நேற்று வரவில்லை, அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்’ என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. பெட்டியோடு வரவேற்பறை சோபாவில் மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘+2’ என்று போட்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

பயண நேரத்தை நீங்களே கணக்குப் போட வேண்டுமானால் கிளம்பும் நேரம், இறங்கும் நேரம் இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். மார்ச் மாதத்தில் கவனம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் கோடைக் கடிகாரத்துக்கு அமெரிக்கா இரண்டாவது ஞாயிறே மாறிவிடும், ஐரோப்பா கடைசி ஞாயிறு வரை காத்திருக்கும். இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வித்தியாசம் ஐந்து இல்லை, நான்கு மணி நேரம்தான்.

கே: ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ ஒன்பதரை மணி நேரம் என்று பழைய பயணக் கையேட்டில் படித்தேன். இப்போது தேடினால் 13 மணி நேரம் என்கிறது. ஊர்கள் விலகிப் போய்விட்டனவா? (பழைய கையேடுகள் சேகரிப்பவர்)

ப: ஊர்கள் அங்கேயேதான் இருக்கின்றன, நடுவில் கதவைச் சாத்திவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவே பெருவட்டத் தூரம் சுமார் 7,800 கி.மீ.தான், அதில் பெரும்பகுதி ரஷ்யா மேலே. ஆசியாவுக்குப் போக ஐரோப்பாவின் குறுக்குவழி நாங்கள்தான் என்று ஃபின்லாந்தின் ஃபின்ஏர் விமான நிறுவனம் தன் வியாபாரத்தையே இந்த வழியின் மேல்தான் கட்டியிருந்தது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. அதன்பின் ஒன்று வட துருவத்தைச் சுற்றி அலாஸ்கா பக்கமாக, இல்லாவிட்டால் தெற்கே மத்திய ஆசியா வழியாக. துருவ வழியில் கிட்டத்தட்ட 12,900 கி.மீ. எரிபொருள், ஊழியர்கள், நேரம் எல்லாம் கூடுதல்.

இதில் பழசுக்குத் திரும்பிய கதையும் இருக்கிறது. பனிப்போர்க் காலத்திலும் சோவியத் வான்வெளி மேலை நாட்டு விமானங்களுக்கு எளிதில் கிடைக்காது. 1957 பிப்ரவரியில் ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் கோபன்ஹேகனிலிருந்து வட துருவம் வழியாக, அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு டோக்கியோ போகும் சேவையைத் தொடங்கியது. பின்னால் ஐரோப்பா–ஜப்பான் விமானங்கள் பல ஆங்கரேஜில் நின்று போனது அதே காரணத்தால்தான். அரசியல் வரைபடத்தில் கோடு மாறினால் விமானத்தின் வழியும் மாறும், அதற்கு முன் பெருவட்டம் எடுபடாது.

நிலமும் வழியை மாற்றும். திபெத் பீடபூமி மேலே பெரும்பாலான விமானங்கள் போவதைத் தவிர்ப்பதைத் திரையில் பார்த்திருப்பீர்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால் எல்லோரும் மூச்சு விடும்படி சுமார் 3 கி.மீ. உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். அங்கே தரையே சராசரியாக 4½ கி.மீ. உயரத்தில் இருக்கிறது, எங்கே இறங்குவது? பெருங்கடல் மேலே இரண்டு எஞ்சின் விமானங்களுக்கு இன்னொரு விதி. ஒரு எஞ்சின் நின்றாலும் மிச்சமிருப்பதை வைத்துக்கொண்டு குறித்த நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை அடையும் தூரத்திலேயே பறக்க வேண்டும். ஒரு காலத்தில் அது ஒரு மணி நேரம், 1985 வாக்கில் இரண்டு மணி நேரம் ஆயிற்று, இன்றைய புதிய ரகங்கள் சிலவற்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கும் மேல்.

கே: அறுபது வருடத்துக்கு முந்தைய விமானத்தை விட இன்றைய விமானம் எவ்வளவு வேகம்?

ப: வேகம் கூடவே இல்லை! 1958-இல் வந்த போயிங் 707 போன அதே வேகம்தான் ஏறக்குறைய இன்றும். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் தடை தாறுமாறாக ஏறும், எரிபொருள் கட்டுப்படியாகாது. மைனஸ் 55 டிகிரி குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு சுமார் 1,065 கி.மீ., அதில் 85 சதவீதம்தான் நம் 900. ஒலியையே முந்திய கான்கார்டு விமானம் 1996-இல் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 53 நிமிடத்தில் வந்தது, 2003-இல் வீட்டுக்குப் போய்விட்டது.

கே: உலகத்தில் எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் நிற்காமல் பறக்கும் காலம் வருமா? (அடிக்கடி கனெக்டிங் ஃபிளைட்டைத் தவறவிடுகிறவர்)

ப: பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. ஆகவே எந்த இரண்டு ஊர்களும் 20,000 கி.மீ.க்கு மேல் விலகியிருக்க முடியாது. சிங்கப்பூரும் ஈக்வடாரின் கீட்டோவும் அந்த எல்லையை ஒட்டியவை, 19,700 கி.மீ. பக்கம். இன்று நிற்காமல் போகும் வழிகளில் நியூயார்க்–சிங்கப்பூர்தான் முன்னணி. பெர்த்–லண்டன் 14,500 கி.மீ., 2018 மார்ச்சிலிருந்து ஆஸ்திரேலியாவின் காண்டாஸ் விமான நிறுவனத்தின் போயிங் 787 ஓடுகிறது. அதே நிறுவனம் சிட்னி–லண்டன் நேரடி சேவைக்காக 2022-இல் ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. பெருவட்டத் தூரம் மட்டும் 17,000 கி.மீ. 2019 நவம்பரில் லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒரு சோதனைப் பயணம் நடத்திப் பார்த்தார்கள், 19 மணி 19 நிமிடம் ஆயிற்று. 1947-இல் இதே நிறுவனம் சிட்னி–லண்டன் சேவையைத் தொடங்கியபோது வழியில் டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி என்று இறங்கி இறங்கிப் போய்ச் சேர நான்கு நாள் பிடித்தது.

ஆனால் இயந்திரத்தால் முடிவது வேறு, கணக்கு ஒத்துவருவது வேறு. பத்தொன்பதாவது மணி நேரத்தில் எரிக்கப்போகும் எண்ணெயை முதல் பதினெட்டு மணி நேரமும் சுமந்துகொண்டு பறக்க வேண்டும், சுமப்பதற்கே எண்ணெய் எரியும். சிங்கப்பூர்–நெவார்க் நேரடி விமானம் 2004-லேயே நான்கு எஞ்சின் ஏ340-இல் ஓடியது, எரிபொருள் தின்று தீர்த்ததில் 2013-இல் நிறுத்திவிட்டார்கள். இரண்டு எஞ்சின் ஏ350 வந்த பிறகுதான் மறுபடி உயிர் வந்தது. அதிலும் 161 சீட் மட்டும், சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. ஆகவே நீங்கள் கனெக்டிங் ஃபிளைட்டைப் பிடிக்க இன்னும் கொஞ்ச காலம் ஓடத்தான் வேண்டும்.

கே: தூரம் தெரிந்தால் நேரத்தை மனக்கணக்காகச் சொல்ல வழி உண்டா?

ப: கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் கூட்டுங்கள். டோக்கியோ–லாஸ் ஏஞ்சலிஸ் 8,800 கி.மீ., கணக்கில் 11 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். கிழக்கே போனால் அதில் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் கழியுங்கள், மேற்கே போனால் அதே அளவு கூட்டுங்கள். போதும், அதற்கு மேல் துல்லியம் வேண்டுமானால் அன்றைய காற்றைக் கேட்க வேண்டும்.

கே: கடைசியாக ஒரு சின்னக் கேள்வி. நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஜூன் மாதம் இரவு விமானம். ஜன்னல் சீட் எந்தப் பக்கம் எடுக்கலாம்?

ப: இடது பக்கம். கிழக்கே போகும் விமானத்தில் இடது ஜன்னல் வடக்கைப் பார்க்கும். பெருவட்ட வழி வடக்கே ஏறுவதால், ஜூனில் அந்தப் பக்கத்து அடிவானத்தில் வெளிச்சம் முழுவதும் அணையாது, செம்மஞ்சள் பட்டையாக மங்கிக்கொண்டே போய், முழு இருட்டு ஆவதற்கு முன்னாலேயே மறுபடி விடியத் தொடங்கிவிடும். இறக்கைக்கு மேலே மட்டும் மாட்டிக்கொள்ளாமல் பார்த்து எடுங்கள்.